பெரியம்மாவின் முட்டி என்ன கம்பெனி?

திருச்சியில் என் பெரியம்மா வீட்டு பீரோவுக்குள் ஒரு பழைய பிஸ்கெட் டப்பா இருக்கிறது. அதைத் திறந்தால் அந்தக் குடும்பம் முப்பது வருஷமாக வாங்கிய சகல பொருட்களின் ஜாதகமும் கிடைக்கும். மிக்ஸி, கிரைண்டர், பிரஷர் குக்கர், செத்துப் போய்ப் பத்து வருஷமான ஒரு டேபிள் ஃபேன். எல்லாவற்றுக்கும் வாரண்டி கார்டு உண்டு. வாங்கிய தேதி, கடை சீல், சீரியல் நம்பர், சிலதில் பெரியப்பாவின் கையெழுத்து. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். குக்கர் கார்டு பத்திரமாக இருக்கிறது.

அந்த டப்பாவில் இல்லாத ஒரே பொருள், பெரியம்மாவின் இடது முட்டி.

2013ல் அந்த முட்டியை மாற்றினார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெரிய இடம், பெரிய போர்டு. பாட்டி ஒருத்தர் பேரனோடு ஃபுட்பால் ஆடுகிற ஹோர்டிங்கெல்லாம் உண்டு. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆறு மாசத்தில் பெரியம்மா மலைக்கோட்டைப் படி ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தார்.

போன வருஷம் முட்டி வீங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று என்று வேறொருவரிடம் போனோம். பொறுமைசாலி. எக்ஸ்ரே எடுத்தார், மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தார். கிருமி எதுவும் இல்லை.

"ரெண்டு பக்கத்து உலோகமும் நல்லா உக்காந்திருக்கும்மா. நடுவுல இருக்கற பிளாஸ்டிக்தான் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்திப் பாக்கலாம். சின்ன ஆபரேஷன்தான். சரி, என்ன கம்பெனி? என்ன சைஸ்?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தான். நாலு பக்கம். காலையில் எத்தனை மாத்திரை, ராத்திரி எத்தனை மாத்திரை, பத்தியம் உண்டா இல்லையா, எல்லாம் இருந்தது. முட்டியைப் பற்றி ஒரே வரி: இடது முழு மூட்டு மாற்று அறுவை செய்யப்பட்டது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். முட்டி மாற்று ஆபரேஷன் என்றால் முட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வேறு வைப்பதில்லை. தேய்ந்து போன தொடை எலும்பின் நுனியைச் சீவி, அதற்கு ஒரு உலோகத் தொப்பி மாட்டுகிறார்கள். பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலவை. கீழே கால் எலும்பின் தலையைச் சீவி, அதன்மேல் ஒரு உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக். நடக்க நடக்கத் தேய்வது இந்த பிளாஸ்டிக்தான். உலோகம் இரண்டும் உறுதியாக, நேராக இருந்தால் சில பேருக்கு இதை மட்டும் உருவிப் புதுசு போடலாம்.

ஆனால் பிளாஸ்டிக் அந்தத் தட்டில் 'டக்'கென்று போய்ப் பூட்டிக்கொள்ள ஒரு பள்ளம் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பூட்டு வேறு. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் வேறு. ஒரு காலத்தில் நோக்கியா சார்ஜர் சாம்சங்கில் நுழையாதே, அது மாதிரி. எது என்று தெரியாவிட்டால்? நன்றாக இருக்கிற உலோகத்தையும் பெயர்க்க வேண்டும். எலும்போடு ஒட்டியிருக்கிற சிமென்ட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். அதோடு கொஞ்சம் எலும்பும் வரும். அந்தக் குழியை அடைக்க இன்னும் பெரிய உலோகம், எலும்புக்குள்ளே நீளமாக இறங்குகிற தண்டு. இரண்டாவது முறை திறக்கிற மூட்டில் கிருமி புகுகிற வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். புகுந்துவிட்டால் உலோகத்தின்மேல் பாசி மாதிரிப் படர்ந்து உட்கார்ந்துகொள்ளும், மாத்திரைக்கு மசியாது. பல சமயம் எல்லாவற்றையும் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, அப்புறம் மறுபடி ஒரு ஆபரேஷன். எழுபத்தாறு வயதில்!

ஒரு ஸ்டிக்கர் இல்லாத குறைக்கு இத்தனை.

ஆமாம், ஸ்டிக்கர். உடம்புக்குள் வைக்கிற ஒவ்வொரு பாகமும் வருகிற பெட்டியில் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் சில கூடவே வரும். கம்பெனி பெயர், பாகத்தின் எண், அளவு, எந்தத் தொகுதியில் தயாரானது என்கிற லாட் எண், எல்லாம் அதில் இருக்கும். தியேட்டரில் நர்ஸ் ஒன்றை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். இன்னொன்றை நோயாளியின் கையில் இருக்கிற காகிதத்தில் ஒட்ட என்ன செலவாகும்? எச்சில்கூடத் தொட வேண்டாம், அதுவே ஒட்டும்.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன் என்று அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரூம். அங்கே இருந்த பையன் கம்ப்யூட்டரைக்கூடத் தொடவில்லை. "மூணு வருஷத்துக்கு மேல வெச்சிக்க மாட்டோம் சார். அதான் ரூல்."

அவன் பொய் சொல்லவில்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ம் வருஷத்து நடத்தை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் என்பது குறைந்தபட்சம். நம் ஊரில் குறைந்தபட்சம் என்று எழுதினால் அதுதான் அதிகபட்சம் என்று அர்த்தம். செயற்கை மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும்? பெரும்பாலானவர்களுக்குப் பதினைந்து, இருபது வருஷம். மூட்டின் ஆயுசு இருபது, மூட்டின் பிறப்புச் சான்றிதழுக்கு ஆயுசு மூன்று. யார் யோசித்த கணக்கு இது?

'உங்க பெரியம்மா ஒருத்தருக்கு நடந்ததுக்கு ஊரைக் கூட்டறியே' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். பழைய கதை என்றாலும் யாருக்கும் பாதி கூட ஞாபகம் இருக்காது.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீபியூ கம்பெனி, ஏ.எஸ்.ஆர். என்று ஒரு இடுப்பு மூட்டை விற்றது. பந்தும் உலோகம், பந்து உட்காருகிற கிண்ணமும் உலோகம். பிளாஸ்டிக் தேயும், உலோகம் தேயாது என்ற நம்பிக்கை. கிண்ணத்தை ஆழம் குறைவாக வடிவமைத்திருந்தார்கள். அது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் பந்து விளிம்பில் போய் உரசும். உரசினால் உலோகத் தூள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் சுற்றியிருக்கிற சதையைச் சாகடித்தது, எலும்பை அரித்தது, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன.

இதை யார் கண்டுபிடித்தது? பெரிய விஞ்ஞானி யாரும் இல்லை. ஒரு ரிஜிஸ்தர். ஆஸ்திரேலியாவில் 1999ல் ஆரம்பித்த மூட்டு மாற்றுப் பதிவேடு. யாருக்கு, எந்த டாக்டர், எந்தக் கம்பெனியின் எந்த மாடலை வைத்தார், அதை எப்போது மறுபடி திறக்க வேண்டி வந்தது என்று எழுதி வைக்கிற ரிஜிஸ்தர். ஏ.எஸ்.ஆர். வைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் திரும்பி வருகிறார்கள் என்று 2007லேயே அது சொல்லிவிட்டது. 2009 டிசம்பரில் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து சரக்கை எடுத்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டிலும் ஐந்தே வருஷத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு ஆபரேஷன் என்று தெரிந்த பிறகு, 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேர் உடம்புக்குள் அது போய்விட்டது.

இந்தியாவில் சுமார் 4,700. அதில் கம்பெனியின் உதவி மையத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் பேர்? இடுப்பு வலியை வயசு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் இடுப்புக்குள் இருப்பது ஏ.எஸ்.ஆர். என்று தெரியும்? பேப்பரில் செய்தி வந்திருந்தாலும், 'ஐயோ பாவம், யாரோ' என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். ஒரு மாடல் காரில் பிரேக் சரியில்லை என்றால் ஷோரூமிலிருந்து நமக்கு போன் வருகிறது. இடுப்புக்கு வராது. கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதற்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது.

நம் அரசாங்கம் என்ன செய்தது? முதலில் அசைந்தது மகாராஷ்டிர மாநிலத்து உணவு, மருந்து நிர்வாகம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது 2013 டிசம்பரில். உலகம் திரும்பப் பெற்று மூன்று வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு! அதற்கு முந்தின மாதம்தான் அமெரிக்காவில் ஏறக்குறைய 8,000 பேருக்காகச் சுமார் 250 கோடி டாலருக்கு அதே கம்பெனி சமரசத்துக்கு வந்திருந்தது. இங்கே நிபுணர் குழு போட்டது 2017ல். அறிக்கை வெளியே வந்தது 2018ல். குறைந்தது 20 லட்சம் கொடு என்றது அந்தக் குழு. அடுத்து இன்னொரு குழு வந்து, வயசையும் ஊனத்தையும் பார்த்து 30 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 20 லட்சத்துச் சொச்சம் வரை என்று ஒரு வாய்ப்பாடு போட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2019 மே மாதம் டெல்லி ஹைகோர்ட்டில், 67 பேருக்குத் தலா 25 லட்சம் தரத் தயார் என்றது.

4,700 எங்கே, 67 எங்கே. நடுவில் காணாமல் போனவர்களை நான் கம்பெனி கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். இந்திய மூட்டு சர்ஜன்களின் சங்கம் 2006லேயே தானாக முன்வந்து ஒரு பதிவேடு ஆரம்பித்தது, அதற்கு ஒரு சலாம். ஆனால் இஷ்டப்பட்டவர்கள் எழுதலாம் என்கிற ரிஜிஸ்தரில், எழுத இஷ்டப்படாதவர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் முட்டிக்கு 1975லிருந்தும் இடுப்புக்கு 1979லிருந்தும் பதிவேடு இருக்கிறது. 1975ல் அவர்களிடம் என்ன கம்ப்யூட்டர் இருந்திருக்கும்? நாமோ உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவர்கள்.

டாக்டர்களிடம் இதைப் பேசினால் மூன்று பதில்கள் வருகின்றன. ஒன்று, "பேஷண்ட்டுக்கு என்ன சார் புரியும்?" மிக்ஸியின் சீரியல் நம்பரும்தான் பெரியம்மாவுக்குப் புரியாது. வைத்துக்கொள்ளவில்லையா? புரிய வேண்டியது அடுத்த டாக்டருக்கு. இரண்டு, "எக்ஸ்ரேயைப் பாத்தே நாங்க சொல்லிடுவோம்." சில மாடல்களைச் சொல்லலாம், உண்மை. பிளாஸ்டிக் பூட்டின் ரகத்தையும் அளவையும் எக்ஸ்ரேயை வைத்து அடித்துச் சொல்லிவிட்டு, கத்தியை எடுக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? மூன்றாவது பதிலை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெயர் எழுதிக் கொடுத்தால் விலை விசாரிப்பார்கள்.

இதோ அந்த விலை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்ச விலை வைத்தது. சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு மேல் அச்சிட்டிருந்த கோபால்ட் குரோமிய முட்டி ஒரே நாளில் 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு லட்சம் எந்த முட்டிக்குள் போய் ஒளிந்திருந்தது? அந்த ஆணையில் இன்னொரு வரியும் உண்டு. பில்லில் முட்டியின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும். பிராண்ட் பெயர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், பேட்ச் எண் எல்லாம் போட வேண்டும்.

அதற்கப்புறம் முட்டி மாற்றிக்கொண்ட மூன்று நண்பர் வீடுகளில் பில்லை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டில் 'இம்ப்ளான்ட் சார்ஜஸ்' என்று ஒரே வரி, பக்கத்தில் தொகை. மளிகைக் கடையில் 'சாமான்கள், 1,400' என்று பில் கொடுத்தால் அண்ணாச்சியைச் சும்மா விடுவோமா?

அதுவும் முட்டிக்கு மட்டும்தான் அந்த ஆணை. இடுப்பு, தோள்பட்டை, எலும்பு முறிந்தால் வைக்கிற பிளேட், ராடு எதற்கும் பொருந்தாது. பிளேட்தானே, என்று நினைக்காதீர்கள். பைக்கில் விழுந்து தொடையில் ராடு வைத்த பையனுக்கு நாலு வருஷம் கழித்து அதை எடுக்க வேண்டி வருகிறது. ராடைப் பிடித்து இழுக்கிற கருவியின் மரை அந்த ராடின் மரையோடு பொருந்த வேண்டும். ஸ்க்ரூவின் தலை அறுகோணமா, நட்சத்திரமா, எத்தனை மில்லிமீட்டர்? தெரியாமல் திறந்து, கிடைத்த ஸ்க்ரூ டிரைவரால் திருகி, தலை மழுங்கிவிட்டால் உலோகத்தையே டிரில் போட்டுத் துளைக்க வேண்டும். அரை மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். டூவீலர் மெக்கானிக் இதைச் சொன்னால் தலையாட்டுவீர்கள், எலும்புக்கும் அதே ஸ்க்ரூதான்.

டாக்டர்களைப் பொத்தாம்பொதுவாகத் திட்டுவது என் நோக்கம் இல்லை. இன்றைய இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு அப்பா என்றால் அது ஜான் சார்ன்லி என்கிற ஆங்கிலேய டாக்டர். 1950களின் கடைசியில் டெஃப்லான் கிண்ணம் வைத்து இடுப்பு மாற்றினார். நம் தோசைக்கல் டெஃப்லான்தான். முதலில் அற்புதமாக நடந்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்து, துகள் சதையைப் புண்ணாக்கியது. சுமார் 300 பேர். மனிதர் ஓடி ஒளியவில்லை. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, தோற்றுப் போனதைத் தன் கையாலேயே எடுத்தார். டெஃப்லான் துகளையும் புது பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்து, எது சதையைக் கெடுக்கிறது என்று எழுதினார். 1962ல் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறி ஜெயித்த பிறகும் விடவில்லை. 'நீங்கள் காலமான பிறகு இந்த மூட்டை எனக்குத் திருப்பித் தர முடியுமா, எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்' என்று நோயாளிகளிடம் கேட்டு வைத்தார். பலரும் சம்மதித்தார்கள். செத்த பிறகும் தன் நோயாளியைப் பின்தொடர்ந்த டாக்டர் அவர். நமக்கு உயிரோடு இருக்கிறவரின் ஃபைலையே மூன்று வருஷத்தில் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டியிருக்கிறது.

நம் மேலும் தப்பு இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாங்கள் கேட்ட கேள்விகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரூமில் ஏ.சி. உண்டா? கூட இருப்பவருக்குச் சாப்பாடு பேக்கேஜில் வருமா? கார் பார்க்கிங் ஃப்ரீயா? உள்ளே வைக்கப் போகிற பொருள் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உள்பட. கத்தரிக்காயைக் காம்பு கிள்ளிப் பார்த்து வாங்குகிற பெரியம்மாவும் கேட்கவில்லை.

பெரியம்மாவின் முட்டிக்கு வருகிறேன். இரண்டு மாசம் அலைந்தோம். புது டாக்டர் எக்ஸ்ரேயை இரண்டு கம்பெனி ஆட்களிடம் காட்டினார். இரண்டு பேரும் எங்களுடையது மாதிரிதான் இருக்கிறது என்றார்கள்! கடைசியில் அண்ணனுக்குத்தான் பொறி தட்டியது. 2013ல் பணம் கட்டியது அவன் ஆபீஸ் இன்ஷூரன்ஸ். அந்த கிளெய்ம் ஃபைலைத் தோண்டச் சொன்னான். பழைய ஸ்கேன் காப்பி ஒன்று மெயிலில் வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக நாலு ஸ்டிக்கர். கம்பெனி, எண், அளவு, லாட், எல்லாம் பளிச்சென்று.

ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் பணம் தர மாட்டான். அதனால் ஒட்டியிருக்கிறார்கள். பணம் கொடுத்தவனுக்கு ஸ்டிக்கர், கால் கொடுத்தவளுக்கு மாத்திரைச் சீட்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமல், நிலத்தை விற்றுக் கையில் ரொக்கமாகக் கட்டியவர்கள் எந்த மெயிலைத் தோண்டுவார்கள்?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். உடம்புக்குள் உலோகம் வைத்தால் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டாமல் நோயாளியை வெளியே அனுப்பக்கூடாது என்று ஒரு உத்தரவு. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, தனியார், காப்பீட்டுத் திட்டம், எல்லாவற்றுக்கும். உலோகம் உள்ளே இருக்கிற வரைக்கும் ஃபைல் வெளியே இருக்க வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. விதி போடுகிறவர்கள் மூன்று என்ற இடத்தில் வேறு நம்பர் போட எத்தனை கமிட்டி வேண்டும்?

பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினார்கள். பெரியம்மா இப்போது சமையல்கட்டு வரை வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் கவரைக் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஸ்டிக்கர் எங்கம்மா?"

"அது கேஸ் ஷீட்ல இருக்கும் பாட்டி. பேஷண்ட்டுக்குக் குடுக்கற வழக்கம் இல்லையே. யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கறேன். குடுத்தாத்தான் கட்டிலை விட்டு இறங்குவேன்."

வாசலில் டாக்ஸி வெயிட்டிங்கில் நாற்பது நிமிஷம் நின்றது. ஸ்டிக்கர் வந்தது.

டப்பாவில் குக்கர் கார்டுக்கு மேலே வைத்திருக்கிறார்.